தந்தை ஆவது, தந்தைமை செய்வது

தோக்கியோவின் கிழக்குப் பகுதியில், எதோகாவா வட்டத்தைச் சேர்ந்த நிஷி-கசாயில் நாங்கள் குடியிருந்த காலத்தில், ஒரு வயது கடந்திருந்த எங்கள் மகளை ஏப்ரல் மாதத்தில் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தோம். ஜப்பானியக் காப்பகங்களில் சிறு குழந்தைகளுக்கென்று ‘ரென்ராகுச்சோ’ என்றொரு குறிப்பேடு உண்டு. வீட்டுக்கும் காப்பகத்துக்கும் நடுவே நாள்தோறும் போய்வருகிற தொடர்பேடு என்று அதைச் சொல்லலாம். காலையில் பெற்றோர் தம் பக்கத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். மாலையில் ஆசிரியை தம் பக்கத்தை எழுதித் தருவார். நேற்றிரவு என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள், எத்தனை மணிக்கு எழுந்தாள், காலையில் உடல் வெப்பம் எவ்வளவு, மலம் கழித்தாளா, முகம் தெளிவாக இருக்கிறாளா, மாலையில் அழைத்துப்போக யார் வருவார் என்று கட்டம் கட்டமாக அதில் கேட்டிருக்கும்.

நவம்பரில் ஒரு நாள் மனைவிக்குக் கடுமையான காய்ச்சல். முதன்முறையாக அந்தக் குறிப்பேட்டை நான் கையில் எடுத்தேன். வெப்பமானியை வைத்துப் பார்த்து ஒரு கட்டத்தை நிரப்பினேன். மற்ற எந்தக் கட்டத்துக்கும் என்னிடம் விடை இல்லை. முதல் நாள் இரவு நான் வீடு திரும்பியபோது பத்தரை மணி ஆகியிருந்தது. படுக்கையறைக்குப் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டேன். மனைவி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “எட்டே முக்காலுக்குத் தூங்கிட்டா. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து அழுதா. நீங்க பக்கத்துலதான் படுத்திருந்தீங்க.”

அவள் சொன்னதை எழுதிவிட்டுப் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஏப்ரலிலிருந்து அந்த நாள்வரை எல்லாம் ஒரே கையெழுத்து. அழைத்துப்போக வருபவர் என்ற கட்டத்தில் எல்லா நாளும் ‘தாய்’. மறுபக்கத்தில் ஆசிரியை எழுதியிருந்தவற்றில், என் மகள் முதன்முதலாக மணற்குழியில் மற்றொரு குழந்தைக்குத் தன் வாளியைக் கொடுத்தது இருந்தது, ‘நிலா’ என்று அவள் தமிழில் எதையோ காட்டிக் காட்டிச் சொன்னதற்குப் பொருள் என்ன என்று ஆசிரியை கேட்டிருந்தது இருந்தது, அதற்கு மனைவி மறுநாள் எழுதிய பதிலும் இருந்தது. அத்தனையும் எனக்குப் புதியவை. அந்த வீட்டில்தான் நானும் இருந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஜப்பானிய உளவியலாளர் கெய்கோ கஷிவாகியின் எழுத்தோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. வட்டார நூலகத்தில் கையில் கிடைத்தது ஒரு மெல்லிய நூல். இவனாமி பதிப்பகம் 2011-இல் வெளியிட்டது. அதன் தலைப்பு இரண்டே சிறு தொடர்கள்: ‘சிச்சிஓயா நி நாரு, சிச்சிஓயா ஓ சுரு’. ‘நாரு’ என்றால் ஆதல், ‘சுரு’ என்றால் செய்தல். தந்தை ஆவது, தந்தைமை செய்வது. ஜப்பானிய மொழியில் ‘சுரு’ என்ற வினையைப் பெயர்ச்சொற்களோடு சேர்த்து எளிதாகப் புழங்கிவிடலாம். தமிழில் ‘தந்தைமை செய்வது’ என்றால் காதுக்குச் சற்று உறுத்துகிறது. அந்த உறுத்தலே எனக்கு வேண்டியதாக இருந்தது. குழந்தை பிறந்த கணத்தில் ஒருவன் தந்தை ஆகிவிடுகிறான். அதற்கு அவன் வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. செய்வது என்பது அதன்பின் ஒவ்வொரு நாளும் கையால் நடக்க வேண்டிய வேலை. என் குறிப்பேட்டுக் கட்டங்கள் வெறுமையாகக் கிடந்ததற்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை யாரும் எனக்குத் தந்ததில்லை.

கஷிவாகி 1932-இல் பிறந்தவர். தோக்கியோ மகளிர் கிறித்துவப் பல்கலைக்கழகத்தில் படித்து, தோக்கியோ பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு முடித்து, தாம் படித்த மகளிர் பல்கலைக்கழகத்திலேயே நெடுங்காலம் கற்பித்து, அதன் தகைசால் பேராசிரியரானவர். வளர்ச்சி உளவியலில் தொடங்கிக் குடும்ப உளவியலுக்கு வந்தவர் என்று அவரை அறிமுகப்படுத்துவது வழக்கம். ஆனால் அவர் துறை மாறிப் போனவராக எனக்குத் தோன்றவில்லை. குழந்தை எப்படி வளர்கிறது என்ற கேள்வியை விடாமல் துரத்திக்கொண்டே போனவர், அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் பெரியவர்கள் வளர்கிறார்களா என்ற கேள்வியில் வந்து நின்றார்.

அவருடைய தொடக்ககால ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, ஹிரோஷி அசுமாவோடும் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ராபர்ட் ஹெஸ்ஸோடும் சேர்ந்து அவர் ஜப்பானியத் தாய்மாரையும் அமெரிக்கத் தாய்மாரையும் ஒப்பிட்டது. எந்தத் திறமை எந்த வயதில் குழந்தைக்கு வந்துவிட வேண்டும் என்று இரு நாட்டுத் தாய்மாரிடமும் கேட்டார்கள். உணர்ச்சியை அடக்கிக்கொள்வது, பெரியவர் சொல்வதைக் கேட்பது, மரியாதையாக நடப்பது ஆகியவை சீக்கிரம் வர வேண்டும் என்று ஜப்பானியத் தாய்மார் எதிர்பார்த்தார்கள். தன் கருத்தை வாய்விட்டுச் சொல்வதும் மற்றக் குழந்தைகளோடு பழகும் திறனும் சீக்கிரம் வர வேண்டும் என்று அமெரிக்கத் தாய்மார் எதிர்பார்த்தார்கள். குழந்தை காய்கறி சாப்பிட மறுத்தால் என்ன சொல்வீர்கள் என்பது போன்ற கேள்விகளுக்கு, ‘நான் சொல்கிறேன், சாப்பிடு’ என்ற வகையில் பெற்றோரின் அதிகாரத்தை முன்வைத்தவர்கள் அமெரிக்கர்களில் அதிகம். சாப்பிடாவிட்டால் என்ன ஆகும், யார் மனம் வருந்தும் என்று எடுத்துச் சொன்னவர்கள் ஜப்பானியர்களில் அதிகம். 1981-இல் இது நூலாக வந்தது. ஏழாண்டு கழித்து, 1988-இல் வந்த தம் தனிநூலில், மழலைப் பருவத்தில் ‘தான்’ என்பது உருவாகும் விதத்தை அவர் இரண்டு இழைகளாகப் பிரித்துக் காட்டினார். தன்னை அடக்கிக்கொள்ளும் திறன் மூன்று வயதிலிருந்து ஆறு வயதுவரை ஏறிக்கொண்டே போகிறது. தன்னை எடுத்துச் சொல்லும் திறனோ நான்கு வயதையொட்டி ஏறிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. ஒரு சமூகம் எதைத் தட்டிக்கொடுத்து வளர்க்கிறது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்பதை ஒரு வரைபடத்தின் இரண்டு கோடுகளில் காட்டிவிட முடியும் என்று அதற்குமுன் நான் நினைத்ததில்லை.

பிறகு அவர் தம் பார்வையைப் பெற்றோர் மீது திருப்பினார். 1994-இல் மோத்தோகோ வகமாட்சுவோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் என்னை உண்மையிலேயே உலுக்கியது. அதுவரை உளவியல், பெற்றோரைக் குழந்தையின் வளர்ச்சிக்குக் காரணங்களாகவே பார்த்துக்கொண்டிருந்தது. தாய் எப்படிப் பேசினால் குழந்தைக்கு என்ன ஆகும், தந்தை இல்லாவிட்டால் குழந்தைக்கு என்ன ஆகும் என்ற கேள்விகள்தாம் முன்னே நின்றன. பெற்றோர் முழுதாக வளர்ந்து முடிந்தவர்கள் என்றும், வளர்வது குழந்தை மட்டுமே என்றும் ஓர் எண்ணம் அவற்றின் அடியில் இருந்தது. கஷிவாகி கேள்வியைத் திருப்பிப் போட்டார்: குழந்தையை வளர்ப்பதால் பெரியவருக்கு என்ன நேர்கிறது?

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளைக் கொண்ட 300-க்கும் மேற்பட்ட தம்பதியரிடம், பெற்றோர் ஆவதற்கு முன்பு இருந்ததைவிட இப்போது நீங்கள் எவ்வகையில் மாறியிருக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். விடைகள் ஆறு வகைகளாகத் திரண்டன. சின்ன விஷயத்துக்கெல்லாம் முறுக்கிக்கொள்ளாத நெகிழ்வு. தன் விருப்பத்தை ஒத்திவைக்கும் பொறுமை. உலகத்தையும் வருங்காலத்தையும் பற்றிய அக்கறை விரிவது. தன் கைக்கு மீறியவற்றை ஏற்றுக்கொள்ளும் மனம். வாழ்வதற்கு ஒரு பிடிப்பு. மற்றவரோடு மோத நேர்ந்தாலும் தன் கருத்தில் நிற்கும் வலிமை. இந்த ஆறிலும் தாய்மாரின் மாற்றம் தந்தைமாரின் மாற்றத்தைவிட அதிகமாக இருந்தது.

இந்த இடத்தில் வாசிப்பவர் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்துவிடக்கூடும்: பெண்ணின் இயல்பு அது, பெற்றவளுக்குத்தானே தெரியும் என்று. கஷிவாகி அந்த வழியை அடைத்துவிடுகிறார். ஒரே வீட்டில், ஒரே குழந்தைக்கு, ஒரே நாளில் இருவரும் பெற்றோர் ஆனார்கள். ஒருவர் வளர்ந்தார், மற்றவர் அவ்வளவாக வளரவில்லை. ஆவதில் வேறுபாடு இல்லை, செய்வதில்தான் வேறுபாடு. அதே ஆய்வில், குழந்தை வளர்ப்பில் அதிகம் ஈடுபட்ட தந்தைமார் குழந்தையைப் பற்றியும் வளர்ப்பைப் பற்றியும் நிறைவாக உணர்ந்தார்கள். அவர்களுடைய மனைவிமாருக்கு வளர்ப்பு பற்றிய சலிப்பும் நெருக்கடியும் குறைவாக இருந்தன. குழந்தையைத் தன் மறுவுருவாக எண்ணும் போக்கோ தாய்மாரைவிடத் தந்தைமாரிடம் அதிகம் தென்பட்டது. எட்ட நின்று பார்ப்பவருக்குத்தான் குழந்தை தன் நிழலாகத் தெரிகிறது. நாள்முழுதும் அதனோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அது வேறோர் ஆள் என்பது காலை ஏழு மணிக்கே விளங்கிவிடும். நான் என் மகளைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் ‘அப்படியே என்னை மாதிரி’ என்று சொல்லிக்கொண்டிருந்ததை நினைத்துப் பார்த்தேன். மனைவி ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை.

தம் வாதத்துக்குத் துணையாகக் கஷிவாகி அடிக்கடி எடுத்துக்காட்டும் ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்க உளவியலாளர் டிஃபனி ஃபீல்டு 1978-இல் வெளியிட்டது. நான்கு மாதக் குழந்தையின் முன்னால் மூன்று வகையினரை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள்: வளர்ப்பை முதன்மையாகச் செய்யும் தாய், வளர்ப்பில் இரண்டாம் நிலையில் இருக்கும் தந்தை, வளர்ப்பை முதன்மையாகத் தானே செய்யும் தந்தை. குழந்தையைப் பார்த்துப் புன்னகைப்பது, அதன் முகக்கோணலைத் திரும்பச் செய்துகாட்டுவது, குரலை மேலே தூக்கி மழலையாகப் பேசுவது ஆகியவற்றில் மூன்றாம் வகைத் தந்தை மற்றத் தந்தையைவிடத் தாயைத்தான் அதிகம் ஒத்திருந்தார். தாய்க்கே உரியது என்று நாம் நம்பிவந்த அந்தக் குரல், தூக்கிச் சுமந்து பால் புகட்டிக் கழுவிவிடும் யாருக்கும் வாய்க்கிற குரல்.

ஜப்பானில் இந்தக் கருத்தைச் சொல்வது எளிதான காரியமாக இருந்திருக்காது. ‘மூன்று வயதுக் குழந்தையின் ஆன்மா நூறு வயதுவரை’ என்று அங்கே ஒரு பழமொழி வழங்குகிறது. நம்முடைய ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பதற்கு உடன்பிறப்பு. குழந்தையின் பழக்கத்தைப் பற்றிய அந்தப் பழைய வாக்கு, போருக்குப் பிந்தைய பொருளாதார வளர்ச்சிக் காலத்தில் தாயைப் பற்றிய கட்டளையாக மாறிப்போனது. கணவர் நிறுவனத்துக்கும் மனைவி வீட்டுக்கும் என்று நகரத்துக் குடும்பங்கள் பிரிந்தபோது, மூன்று வயதுவரை தாய் பக்கத்திலேயே இருந்து வளர்க்காவிட்டால் குழந்தைக்கு மாறாத கேடு வரும் என்ற நம்பிக்கை மருத்துவர் வாயிலும் மாமியார் வாயிலும் ஒருசேரப் புழங்கியது. அதற்குமுன் கிராமத்துத் தாய்மார் வயலில் நின்றார்கள் என்பதும், குழந்தையைப் பாட்டியும் மூத்த பிள்ளைகளும் முதுகில் கட்டிக்கொண்டு திரிந்தார்கள் என்பதும் மறந்துபோயின. அரசின் நலத்துறை வெள்ளை அறிக்கையே 1998-இல், இந்த மூன்று வயதுக் கதைக்குப் பகுத்தறிவுக்கு ஏற்ற ஆதாரம் இல்லை என்று எழுதியது. மசுமி சுகவாரா என்ற உளவியலாளர் பத்தாண்டுக்கும் மேலாகத் தாய்மாரையும் குழந்தைகளையும் பின்தொடர்ந்து, தாய் வேலைக்குப் போனதால் பிற்காலத்தில் குழந்தையின் நடத்தை கெட்டதற்கான அறிகுறி இல்லை என்று காட்டினார். ஆயினும், காய்ச்சல் நேரத்தில் காப்பகத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு எங்கள் வீட்டில் எப்போதும் மனைவியின் எண்ணுக்கே வந்தது.

கஷிவாகியின் நூல்களில் அதிகம் விவாதத்துக்கு உள்ளானது 2001-இல் வந்த ‘குழந்தை என்னும் மதிப்பு’. ஜப்பானில் பிறப்புகள் குறைவது பெரிய கவலையாகிவிட்ட காலம் அது. பழைய நாட்காட்டிக் கணக்கில் 1966 ‘நெருப்புக் குதிரை’ ஆண்டு. அவ்வாண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாது என்ற நம்பிக்கையால் அந்த ஒரே ஆண்டு கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, 1.58-க்குச் சரிந்தது. 1989-இல் எந்த மூடநம்பிக்கையின் துணையும் இல்லாமல் 1.57 ஆனதும் நாடே அதிர்ந்துபோனது. பெண்கள் தன்னலக்காரர்கள் ஆகிவிட்டார்கள் என்று பலர் பேசினார்கள். கஷிவாகி வினைச்சொல்லைக் கவனித்தார். முன்பு ஜப்பானியர் குழந்தையை ‘சசுகாரு’ என்றார்கள். மேலிருந்து அருளப்படுவது என்று பொருள், நாம் பிள்ளை வரம் என்பது போல. இப்போது ‘சுகுரு’ என்கிறார்கள், உண்டாக்குவது. 1950-இல் ஆயிரம் பிறப்புக்கு 60 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்த நாட்டில் அந்த எண் பின்னர் இரண்டுக்கும் கீழே வந்துவிட்டது. கருத்தடை கைக்கு எட்டியது. பிறக்கிற குழந்தை பிழைத்துவிடும், வேண்டாமென்றால் பிறக்காது என்ற நிலை மனித வரலாற்றில் புதியது. அந்த நிலையில் குழந்தையும் மற்ற விருப்பங்களோடு ஒரே தராசில் வைத்து நிறுக்கப்படுகிறது என்று அவர் எழுதினார்.

இரண்டு தலைமுறைத் தாய்மாரிடம் ஏன் குழந்தை பெற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டபோது, மூத்தவர்கள் குலம், கடமை, ஊர் வழக்கம் என்று சொன்னவற்றின் இடத்தில், இளையவர்கள் ‘இருவராக வாழ்ந்தது போதுமான அளவு அனுபவித்தாகிவிட்டது’, ‘வாழ்க்கையில் ஒரு திருப்பம் வேண்டியிருந்தது’ என்பன போன்ற காரணங்களைச் சொன்னார்கள். இதைப் படித்தபோது எனக்கு முதலில் மனம் கசந்தது. குழந்தையைப் போய்க் கணக்குப் பார்ப்பதா என்று. இரண்டாம் முறை படித்தபோதுதான், அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டிய நிலையில் பெண் மட்டுமே நிற்கிறாள் என்பதை அவர் சொல்ல வருகிறார் என்று புரிந்தது. எங்கள் மகள் பிறந்ததில் என் வேலையில் ஒரு நாள்கூட மாறவில்லை. நிறுத்தி வைத்து எண்ணிப் பார்க்க எனக்கு எதுவும் இருக்கவில்லை.

உண்டாக்கிய குழந்தை என்பதால் அது நன்றாக அமைய வேண்டும் என்ற பிடிவாதமும் கூடவே வருகிறது. ஒன்றிரண்டு பிள்ளைகள், எல்லாக் கவனமும் பணமும் அவர்கள் மீது. குழந்தை கேட்குமுன்னே கொடுத்து, விழுமுன்னே தாங்கி, அது தானாக விரும்புவதற்கு இடமே வைக்காத வளர்ப்பை ‘மென்மையான வன்முறை’ என்ற சொல்லால் அவர் குறிப்பிட்டார். இதில் தாயைக் குற்றம் சொல்லிவிட்டு அவர் நகரவில்லை. வீட்டுக்குள் தனியாக அடைக்கப்பட்டு, பிள்ளையின் வெற்றி ஒன்றே தன் வாழ்வின் மதிப்பெண் என்று ஆக்கப்பட்ட பெண்ணிடமிருந்து வேறெதை எதிர்பார்க்க முடியும் என்று கேட்டார். ஜுன்கோ ஹிராயாமாவோடு நடுவயதுத் தம்பதியரின் பேச்சை ஆராய்ந்தபோதும் இதே இழைதான் ஓடுகிறது: மனைவியின் வருமானம் உயர்ந்திருக்கும் வீடுகளில் கணவர் அவள் சொல்வதைப் பரிவோடு கேட்பது அதிகம் என்று கண்டார்கள்.

அவரிடம் எனக்கு முழு உடன்பாடு இல்லாத இடமும் உண்டு. வளர்ந்தேன் என்று பெற்றோரே தம்மைப் பற்றிச் சொல்லும் வினாத்தாள்களை அவர் பெரிதும் நம்பியிருக்கிறார். தியாகம் செய்தவர் தம் தியாகத்துக்கு ஒரு பயன் இருந்ததாகச் சொல்லிக்கொள்வது இயல்பு. தாய்மார் தந்த அந்த ஆறு விடைகளில் உண்மையான வளர்ச்சி எவ்வளவு, ஆறுதல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அந்த முறையில் வழி இல்லை. ஆனால் தந்தைமாரின் வெறுமையை அந்த ஐயம் தொடுவதில்லை. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள வீடுகளில் கணவர் வீட்டு வேலைக்கும் குழந்தை வளர்ப்புக்கும் செலவிட்ட நேரம் 1996-இல் நாளுக்கு 38 நிமிடங்கள் என்று அரசின் கணக்கெடுப்பு சொல்கிறது. 2021-இல் 1 மணி 54 நிமிடங்கள். அந்த ஆண்டில் மனைவியின் நேரம் 7 மணி 28 நிமிடங்கள். ‘குழந்தை வளர்க்காத ஆணைத் தந்தை என்று அழைப்பதில்லை’ என்று நலத்துறை அமைச்சகம் 1999-இல் சுவரொட்டி ஒட்டியது. குழந்தை வளர்ப்பு விடுப்பு எடுத்த தந்தைமார் 2020-இல் 12.65 விழுக்காடு, 2023-இல் 30.1 விழுக்காடு. இவ்வளவு மெல்ல நகர்வதற்கு மனம் மட்டும் காரணமில்லை, இரவு பத்து மணிக்கு அணையும் அலுவலக விளக்குகளும் காரணம் என்பதைக் கஷிவாகி தம் பிற்கால நூல்களில் வெளிப்படையாகவே எழுதினார். வேலை ஒன்றையே செய்யும் ஆண், பெரியவராக வளரும் வாய்ப்பை இழக்கிறார் என்பது அவர் வாதம்.

ஜனவரியில் என் மேலாளரிடம் போய், வாரத்தில் மூன்று நாள் ஐந்தரை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டேன். வீட்டில் மனைவி இல்லையா என்று அவர் கேட்டார். இருக்கிறார் என்றேன். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டுப் பணி மதிப்பீட்டில் எனக்கு மதிப்பெண் குறைந்தது. ஏன் என்று கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை.

குறிப்பேட்டின் காலைப் பக்கத்தை நான் எழுதத் தொடங்கினேன். ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிராகானா என் கையில் கோணல் மாணலாக இருக்கும். சீனத்திலிருந்து வந்த ‘காஞ்சி’ எழுத்துகளுக்கு அருகில் ஆசிரியை எனக்காகச் சிறிதாக ஒலிப்பு எழுதித் தருவார். பிப்ரவரியில் ஒரு நாள் நான் எழுதியது இது: “நேற்றிரவு 9.10-க்குத் தூங்கினாள். 2 மணிக்கு எழுந்து அழுதாள். முதுகில் தட்டிக்கொடுத்ததும் தூங்கிவிட்டாள்.” மாலையில் அழைத்துவரப் போனபோது மறுபக்கத்தில் ஆசிரியை கேட்டிருந்தார்: “இங்கே மதியத் தூக்கத்தின் நடுவே எழுந்துவிடுகிறாள். முதுகில் எந்த இடத்தில் தட்டிக்கொடுப்பீர்கள் என்று சொன்னால், நாங்களும் அப்படியே செய்து பார்க்கிறோம்.”

இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, சற்று இடப்பக்கம், உள்ளங்கையைக் குழித்து வைத்துக்கொண்டு, மெதுவாக என்று எழுதினேன். குழித்த உள்ளங்கைக்கு ஜப்பானியச் சொல் தெரியவில்லை. ஓரத்தில் ஒரு கையை வரைந்து அனுப்பினேன்.